லெவல் டியூபும் சொட்டு நீலமும்

கம்பெனியிலிருந்து காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, அதன் இடத்தில் கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டர் ஒன்றைக் குழாயின் முனையில் நேரடியாக மாட்டிக்கொண்டு சுற்றிய ஐந்து மாதங்களும் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த உறுமல் எழும். அந்த உறுமலைக் கேட்டபோதெல்லாம் கார் முன்பைவிடப் பாய்ந்து செல்வதாக உறுதியாக நம்பினேன். நம்பிக்கை எவ்வளவு திடமாக இருந்ததென்றால், அதை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே ஐந்து மாதங்களாக எனக்கு வரவில்லை.

கார் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். எந்த நிறுவனத்துடையது என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. 1,197 சிசி, நான்கு சிலிண்டர், 87 பி.எஸ். (கிட்டத்தட்ட 87 குதிரைத்திறன்) என்றால் கோயம்புத்தூரில் பாதிப்பேருக்குப் புரிந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. என்ஜின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்று எவ்வளவோ அவ்வளவுதான் அதன் சக்தி, ஏனென்றால் உள்ளே வரும் காற்றின் எடையைப் பார்த்துத்தான் இ.சி.யூ. என்ற என்ஜின் கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. ஏறத்தாழ 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்பது அடிப்படை விகிதம். முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கும். ஆகவே காற்று கூடினால் சக்தி கூடும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கூடுதல் காற்று எங்கிருந்து வரும் என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

அந்த உறுமலுக்கான காரணத்தை முதலில் சொல்லிவிடலாம். காற்றை சிலிண்டருக்குள் விடும் ஒவ்வொரு இன்டேக் வால்வும் திறந்து மூடும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்பி, காற்று வந்த வழியாகவே திரும்பிப் போய் வெளியே சத்தமாகக் கேட்கிறது. இதை அடக்குவதற்காகவே கார் தயாரிப்பாளர்கள் பெட்டியைப் பெரிதாகவும், அதன் வழியில் வெறும் பாட்டில் போன்ற ஒன்றிரண்டு அறைகளைக் கிளையாகவும் வைக்கிறார்கள். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ‘பூம்’ என்று ஒலிக்கும் அல்லவா, அதே தத்துவம்தான். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த விஷயம் என்பதால் அந்த அறைக்கு அவர் பெயரே இருக்கிறது. பாட்டில் எந்தச் சுருதிக்கு ஒலிக்குமோ அந்தச் சுருதியை அது குழாயிலிருந்து விழுங்கிவிடும். அந்த அறைகள் முட்டுச்சந்துகள், காற்று அவற்றின் வழியாகப் போவதில்லை. எனவே அவற்றைக் கழற்றி எறிவதால் காற்றுக்கு வழி விரிவதும் இல்லை. சத்தம் மட்டும் விடுதலையாகிறது. நான் பணம் கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி அந்த விடுதலைதான்.

என் மயக்கத்தைக் கலைத்தவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வேறு வேலையாக அவரிடம் போயிருந்தபோது பெருமையோடு பானெட்டைத் திறந்து காட்டினேன். அவர் ஃபில்டரைப் பார்த்தார், அதற்கு ஒரு ஜாண் தள்ளி இருந்த ரேடியேட்டர் விசிறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, அடுப்புக்கு நேரா மூக்கை வெச்சுட்டு மூச்சு நல்லாப் போகுதுன்னா எப்படிங்க?” என்று கேட்டுவிட்டு லேத்துக்குத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி, காற்று வெப்பநிலைக் கணக்கைக் கைபேசியில் பதியத் தொடங்கினேன்.

அன்று மதியம் வெளி வெப்பநிலை 36 டிகிரி. காந்திபுரம் சிக்னலில் இரண்டு முறை சிவப்பு விழுந்து நின்றபோது, என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையாக ஸ்கேனர் காட்டியது 67 டிகிரி. மறுநாள் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கி மாட்டிக்கொண்டு, ஏறக்குறைய அதே நேரத்தில், அதே வெயிலில், அதே சிக்னலில் நின்றேன்: 52 டிகிரி. நின்ற நிலையில் சென்சாரின் உடம்பே சூடேறிக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பது உண்மை, ஆனால் அந்தக் குறை இரண்டு அளவுகளுக்கும் பொது. காற்றின் அடர்த்தி அதன் தனி வெப்பநிலைக்கு (செல்சியஸ் எண்ணோடு 273ஐக் கூட்டினால் வருவது) தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், 52க்குப் பதில் 67 என்றால் ஒவ்வொரு லிட்டரிலும் காற்று சுமார் 4.4% குறைவு. சூடான காற்றில் நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எரியும் கோளாறு, வரும் வாய்ப்பும் கூடும் என்பதால், அதைத் தவிர்க்க இ.சி.யூ. தீப்பொறியைத் தள்ளிப்போடும், அதிலும் சக்தி குறையும். ஆக, ஒரே சூட்டுக்கு இரண்டு அபராதம். சிக்னலிலிருந்து புறப்படும்போதுதானே இழுவை வேண்டும்? அங்கேயே என் சிவப்புக் கூம்பு காலை வாரிக்கொண்டிருந்தது, நான் உறுமலைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு எதையும் அளக்காமல் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். காசே செலவில்லாத முதல் அளவு ஒன்று இருக்கிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மானிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள எந்தக் காரிலும், சாவியைத் திருப்பி என்ஜினை இயக்காமல் விட்டால், மானிஃபோல்ட் அழுத்தமாக ஸ்கேனர் காட்டுவது வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்தையே. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே அது 96 அல்லது 97 கிலோபாஸ்கல் என்று வரும். பிறகு வெறிச்சோடிய சாலையில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தி நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை கொண்டுபோய், அப்போது காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். என் காரில் பழைய பெட்டியோடு 93 வந்தது. சாவியைத் திருப்பியபோது 96. ஃபில்டர், பெட்டி, குழாய், ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்பத் திறந்து மூடும் த்ராட்டில் கதவு எல்லாமாகச் சேர்ந்து தின்றது 3 கிலோபாஸ்கல். காற்றின் வழியை எப்படிச் செப்பனிட்டாலும் எனக்குக் கிடைக்கக்கூடிய உச்சவரம்பு ஏறக்குறைய 3% என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. 87 பி.எஸ்.ஸில் அது இரண்டரைக்குச் சற்று மேல். கடைகளில் ‘15 குதிரை கூடும்’ என்று அச்சிட்டு விற்கும் பெட்டிகளை, டர்போ இல்லாத சிறு என்ஜின் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் இந்தக் கழித்தலை ஒருமுறை செய்துகொள்ளலாம்.

அந்த மூன்றும் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்க ஸ்கேனர் போதாது, அது முழு எண்களில்தான் காட்டும். இங்கேதான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான லெவல் டியூப் கைகொடுத்தது. நான்கு மீட்டர் வாங்கி, ஒரு மரப்பலகையில் ‘யு’ வடிவில் வளைத்துக் கட்டி, பக்கத்தில் பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றை ஒட்டி, தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து பாதி வரை ஊற்றினேன். ஒரு முனை திறந்திருக்கும். மறு முனையைக் கதவு இடுக்கு வழியாக பானெட்டுக்குள் கொண்டுபோய், அளக்க வேண்டிய இடத்தில் துளையிட்டு ஒரு சிறிய நாசிலில் செருகிவிட வேண்டும். என்ஜின் உறிஞ்சும்போது அந்தப் பக்கத்து நீலம் ஏறும், இந்தப் பக்கத்து நீலம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடுதான் இழப்பு. பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். மைத்துனர் பின் இருக்கையில் பலகையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு எண்களை உரக்கச் சொல்ல, நான் ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் குழாயின் நீளம் போதாமல் நீலத் தண்ணீர் முழுவதும் காற்றுக் குழாய்க்குள் ஏறிவிடுமோ என்று அவர் அலறிய அலறலில் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். ஒரு கரண்டித் தண்ணீர்தான் என்றாலும் நியாயமான அலறல். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ‘யு’வின் ஒவ்வொரு கையும் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும்.

நீலாம்பூரைத் தாண்டிய பிறகு சேலம் சாலையில், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்தரை மணிக்கு, மூன்று இடங்களில் அளந்தோம். வெளியிலிருந்து காற்றை உள்ளே கொண்டுவரும் மூக்குக் குழாயைக் கடந்து, ஃபில்டருக்கு முன்னால் அளந்தபோது 11 சென்டிமீட்டர். ஃபில்டருக்குப் பின்னால் 15. மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கடந்து, த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் 21. எல்லோரும் குறை சொல்லும், எல்லோரும் மாற்றத் துடிக்கும் காகித ஃபில்டர், 21இல் வெறும் 4 சென்டிமீட்டர்தான் எடுத்துக்கொண்டது. பாதிக்கு மேல் எடுத்தது, நான் ஒரு பொருட்டாகவே மதிக்காத அந்த மூக்குக் குழாய். மீதி ஒரு கிலோபாஸ்கலுக்கு த்ராட்டில் பொறுப்பு; அதை நான் தொடப்போவதில்லை.

காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தபோதும் இதுவே வந்தது. 1,197 சிசி என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 6,000 சுற்றில், 90% நிரம்புகிறது என்று கொண்டால், நொடிக்கு சுமார் 54 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர்க் கேனை விட இரண்டரை மடங்கு, ஒவ்வொரு நொடியும். மூக்குக் குழாயின் வாயை அளந்தேன். நீள்வட்டம், ஆனால் பரப்பளவில் 45 மில்லிமீட்டர் வட்டத்துக்குச் சமம். அந்த வழியாக 54 லிட்டர் போக வேண்டுமானால் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். கார் எழுபதில் போகிறது, அதன் மூச்சு நூற்றிருபதில் போகிறது. போதாக்குறைக்கு வாயின் விளிம்பு கத்திபோல் நேராக வெட்டப்பட்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து வரும் காற்று அந்த விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் சுவரைவிட்டு விலகி, இருக்கும் ஓட்டையையும் முழுதாகப் பயன்படுத்தாமல் நடுவே குறுகி நுழைகிறது. விளிம்பை எக்காளத்தின் வாய்போல் உருட்டிவிட்டால் இந்த இழப்பின் பெரும்பகுதி போய்விடும்.

விளிம்பின் வடிவத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தேகிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியைப் பார்க்க ஒருமுறை போயிருந்தேன். அங்கே பெட்ரோல் கார்களுக்கு ஒரு விதி உண்டு: என்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு கழுத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கட்டை விரல் நுழையும் ஓட்டை, அவ்வளவே. அந்தக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூடக் கூடுதலாக வராது. கோட்பாட்டின்படி உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 74 கிராம். மாணவர்கள் அந்த உச்சத்தை நெருங்குவதற்காக, கழுத்துக்கு முன்னால் உருண்டையான வாயும் பின்னால் மெல்ல விரியும் நீண்ட கூம்பும் வைத்து, ஒவ்வொரு டிகிரிக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் காருக்கு முழு வேகத்தில் தேவைப்படுவதோ நொடிக்கு 60 கிராம் அளவுதான். கட்டை விரல் ஓட்டை வழியாக என் என்ஜினைவிடப் பெரிய பசியை ஆற்ற முடியும் என்றால், என் காரின் மூக்கில் குறைபட்டது அகலம் மட்டுமல்ல என்பது அன்று பிட் சந்தில் நின்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அப்போது சிவப்புக் கூம்பு வாங்கியிருக்கவில்லை.

கம்பெனி வடிவமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வாய் சிறிதாக இருந்தால் சத்தம் வெளியே வருவது குறையும், மழைத்தண்ணீரும் இலைதழையும் உள்ளே போவது குறையும். அதே குழாய் வேறு இரண்டு மாடல்களிலும் பொருந்த வேண்டும், தொழிற்சாலையில் ஒருவர் சில நொடிகளில் அதை மாட்டி முடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஈடாக ஒரு குதிரையை அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எனக்கு வேண்டியது அந்தக் குதிரை, சத்தம் கொஞ்சம் கூடினால் வருத்தமில்லை.

ஆகவே பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தேன். உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து, என் பெட்டிக்குப் பொருந்தும் கீழ்ப்பாதி ஒன்றை வாங்கினேன். சோதனையெல்லாம் அதில்தான், அசலில் கத்தி படவில்லை. குழாய்க்கு, பிளம்பிங் கடையில் கிடைக்கும் 63 மில்லிமீட்டர் பி.வி.சி. துண்டு போதுமானதாக இருந்தது. வாயை உருட்டுவதற்குத்தான் வழி தெரியாமல் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் வீட்டில் இருந்த பாட்டி காலத்துப் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்து, ஹாட் ஏர் கன்னால் குழாயின் முனையைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினேன். பி.வி.சி. சட்டென்று இளகாது. முதலில் பளபளப்பு மாறும், பிறகு விரலால் தள்ளினால் வெல்லப்பாகுபோல் இழையும்; அந்த ஒரு நிமிடத்துக்குள் குழாயைச் சொம்பின் உருண்டையான அடியில் வைத்து நேராக அழுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் உதடு தடித்து மறுபக்கம் கிழிந்துவிடும். முதல் இரண்டு துண்டுகள் கிழிந்தன. மூன்றாவதில் உதடு ஒன்றரை விரற்கடை அளவுக்குச் சீராக விரிந்து, ஈரத் துணியைப் போர்த்தியதும் அப்படியே இறுகிக்கொண்டது. சொம்பின் அடியில் இன்றும் ஒரு சாம்பல் நிற வளையம் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை, வீட்டில் அதற்கான விசாரணையும் இன்னும் முடியவில்லை.

பி.வி.சி. எழுபது எண்பது டிகிரியிலேயே தளர்ந்துவிடும் என்பதால் என்ஜின் பக்கத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது. நான் வைத்த இடம் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்புறத்துக் காற்று வரும் பக்கம். அங்கே அவ்வளவு சூடு வருவதில்லை. வந்த சூட்டின் மூலத்தையும் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கார் நின்றுகொண்டிருக்க, ரேடியேட்டர் விசிறி ஓடும்போது, ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி பானெட்டின் முன்விளிம்புக்குள் நீட்டிப் பார்த்தேன். புகை பின்னோக்கிப் போகாமல், ரேடியேட்டரின் தலைக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள மூன்று விரல் இடைவெளி வழியாக முன்னோக்கி வந்து, நேராக மூக்குக் குழாய்க்குள் நுழைந்தது. விசிறி பின்னால் தள்ளிய கொதிகாற்று வட்டமடித்து மீண்டும் முன்னால் வந்து என்ஜினின் மூச்சாகிக்கொண்டிருந்தது. சிக்னலில் 52 டிகிரி காட்டியதன் ரகசியம் அதுதான். கதவுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் ரப்பர் பீடிங்கை அந்த இடைவெளியின் நீளத்துக்கு ஒட்டினேன். செலவு நூற்றியிருபது ரூபாய். இந்தப் பதிவில் உள்ள அத்தனை வேலைகளிலும் பலன் அதிகம் கொடுத்தது அந்த ரப்பர்தான் என்பதை அதன் விலையைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள்.

ஃபில்டரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். பெட்டிக்குள் பொருந்தும், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி அளந்தேன். காகிதத்தில் 4 சென்டிமீட்டர் இருந்தது, இதில் 3 ஆனது. ஒரு சென்டிமீட்டர் என்றால் 0.1%. காகித ஃபில்டரின் விலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கொடுத்து அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. மைலேஜுக்காக வாங்குகிறேன் என்பவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு: 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் நவீன ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் கார்களின் முடுக்கம் குறைந்தது, மைலேஜ் குறையவில்லை. காரணம் எளிது. சாதாரண ஓட்டத்தில் த்ராட்டிலே பாதி மூடித்தான் இருக்கிறது, மானிஃபோல்டில் 40, 50 கிலோபாஸ்கல்தான் இருக்கும்; அவ்வளவு பெரிய கதவு வேண்டுமென்றே மூடப்பட்டிருக்கும்போது, ஃபில்டர் என்ற ஜன்னல் திரையை விலக்குவதால் ஒன்றும் ஆகாது. முழு ஆக்ஸிலரேட்டரில் மட்டும்தான் திரையைப் பற்றிய பேச்சே எழுகிறது.

தூசி விஷயத்தில் நான் பயந்தே போனேன். கூம்பு ஃபில்டரைக் கழற்றிய அன்று, அதற்குப் பின்னால் இருந்த குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளை வேட்டித் துணியால் துடைத்துப் பார்த்தேன். பல்லடம், தாராபுரம் பக்கம் அடிக்கடி போய்வந்த மாதங்கள் அவை. காற்றாலைக் காடுகளில் ஆடிக் காற்று மண்ணை அள்ளி வீசும். துணியில் காவி நிறத்தில் ஒரு பட்டை வந்தது. அதை இரு விரல்களுக்கிடையே தேய்த்தபோது நறநறத்தது. அந்த நறநறப்பு மணல், அதாவது சிலிக்கா; பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போனால் உப்புத்தாள் வேலை செய்யும். நான் வாங்கிய கூம்பு பெயர் தெரியாத மலிவு ரகம், நல்ல தயாரிப்புகள் இப்படி விடாமல் இருக்கலாம். ஆனால் ஐ.எஸ்.ஓ. 5011 தரப்படி சோதித்த தூசி வடிகட்டும் திறனை அட்டைப்பெட்டியில் அச்சிடாத எந்த ஃபில்டரையும் இனி நான் தொடப்போவதில்லை. பெட்டியைத் திரும்ப மாட்டி, காகித ஃபில்டரோடு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே துணியின் மறுமுனையால் துடைத்தேன், வெள்ளையாகவே இருந்தது.

மூக்கை எங்கே வைக்கலாம் என்பதில் இன்னொரு பெரிய ஆசை எல்லோருக்கும் வரும்: பம்பருக்குக் கீழே, சாலையை ஒட்டி வைத்தால் குளிர்ந்த காற்று வரும், ஓடும் வேகத்தில் காற்று தானாகவே உள்ளே தள்ளப்படும். குளிர் வரும் என்பது சரி. தள்ளப்படும் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றின் முழு உந்தும் கிடைத்தால்கூட 4 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குச் சற்று மேல்தான் வரும், நகரத்து வேகத்தில் அதுவும் கிடையாது. ஆனால் கீழே வைத்த மூக்கு தண்ணீரைக் குடிக்கும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தேங்கிய நீரில் ஓட்டி என்ஜின் பூட்டிக்கொண்ட கார்களின் கதைகளைக் கேட்காத மெக்கானிக் இருக்கமாட்டார். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் வளைவது கனெக்டிங் ராடு. சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் இதற்குப் பணம் கிடைக்காது, என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஆகையால் என் மூக்கின் உயரம், கம்பெனி வைத்த உயரத்திலிருந்து ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. பெட்டியின் அடியில் உள்ள சிறிய வடிகால் துளையையும் ‘காற்றுக் கசிகிறது’ என்று நினைத்து அடைக்கவில்லை. அது மழைநீர் வெளியேறும் வழி.

உள்ளே போகும் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்தச் சென்சார் இருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றினால் அது சொல்லும் கணக்கே தவறாகிவிடும். ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகப் பூசினால் அது பறந்துபோய்ச் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து தொல்லை தரும். அத்தகைய கார்களில் ஃபில்டருக்கு முன்னால் உள்ள பகுதியோடு நின்றுகொள்வது நல்லது. சட்டத்தைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. வாரண்டிக் காலம் முடியாதவர்கள் பெட்டியைத் தொடுமுன் சர்வீஸ் புத்தகத்தைப் படித்துவிடுவது நல்லது. நான் அசல் பாகங்களை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட முடியும்.

எல்லாம் முடிந்த பிறகு அதே சாலை, அதே அதிகாலை, வெளியே 25 டிகிரி. மூக்குக் குழாயின் இழப்பு 11இலிருந்து 4 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தது. மொத்தம் 21 இருந்தது 14 ஆகியிருந்தது. ஓட்டத்தின்போது காற்றின் வெப்பநிலை பழைய பெட்டியில் 36, கூம்பில் 43, இப்போது 31. மூன்றாவது கியரில் 40இலிருந்து 100 வரை எட்ட எடுத்த நேரத்தை, சாலையின் சரிவு கணக்கைக் கெடுக்காமலிருக்க இரு திசைகளிலும் மும்மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன்: கம்பெனிப் பெட்டியில் 11.6 நொடி, கூம்பில் 11.7, இப்போது 11.3. ஓட்டத்துக்கு ஓட்டம் 0.1 நொடி முன்பின்னாக வந்ததால் முதல் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். கூம்பு அழுத்தத்தில் சம்பாதித்த 1.5 சதவீதத்தை வெப்பத்தில் இரண்டுக்கு மேலாகத் தொலைத்திருக்கிறது என்ற கணக்கோடு அது ஒத்துப்போகிறது. காந்திபுரம் சிக்னலில் இப்போது 44 டிகிரி. சத்தம், ஆழ்ந்து கேட்டால் ஒரு சிறு முனகல்.

0.3 நொடிக்கு இவ்வளவு பாடா என்று மைத்துனர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. போன மாதம் ஊட்டிக்குப் போனபோது, சேரிங் கிராஸ் அருகே நிறுத்திச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்கேனர் 78 என்று காட்டியது. நான் லெவல் டியூப், சொட்டு நீலம், சொம்பு, ஊதுவத்தி எல்லாம் வைத்து மாதக்கணக்கில் மீட்டது 0.7 கிலோபாஸ்கல்; மலை இரண்டு மணி நேரத்தில் 18ஐ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் அந்த மடிப்பு ரப்பர் குழாய் இன்னும் 6 சென்டிமீட்டரைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது மனதை அரிக்கிறது. என்ஜின் ஆடும்போது வளைந்துகொடுக்க ஒன்றிரண்டு மடிப்பு வேண்டும், ஆறு மடிப்பு எதற்கு என்று கணபதிப் பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். வழவழப்பான சிலிக்கான் குழாய்க்கு அச்சுச் செய்ய மரத்தில் ஒரு மாதிரி கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சிவப்புக் கூம்பை விற்பனைக்கு என்று படம் போட்ட அன்றே சரவணம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்துவிட்டார். மனசாட்சிக்காக, விலை பேசுமுன்பே ஸ்கேனர் கணக்குகளைக் கைபேசியில் காட்டி, 67 டிகிரி, வேட்டித் துணி, 11.7 நொடி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முழுவதும் சொல்லி முடித்ததும், “அதெல்லாம் சரிங்ணா, சவுண்டு எப்படிங்ணா இருக்கும்?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.